மூணு அம்பது

கைபேசி கத்துகிறது. லிஃப்ட் கூண்டின் கூரைமேல் குந்தியிருப்பவர் ஸ்பேனரைக் கீழே வைக்கிறார். பையிலிருந்து பழந்துணியை எடுத்து விரல் விரலாகக் கிரீஸைத் துடைக்கிறார். கட்டைவிரல் கடைசி. அதைக்கொண்டு அலாரத்தை அணைத்து, "சரி சரி, கிளம்பிட்டேன்" என்கிறார். பிறகு ஸ்பேனரை எடுத்து, விட்ட இடத்திலிருந்து திருகுகிறார். எங்கும் கிளம்புவதில்லை.

மணி மூன்று ஐம்பது. எங்கள் கட்டிடத்தில் அவருக்கு வைத்திருக்கும் பெயரும் அதுவே. காலை பத்து மணிக்கு வாட்ச்மேன், "மூணு அம்பது வந்தாச்சு சார்" என்றால் யாரும் கடிகாரத்தைப் பார்ப்பதில்லை.

எங்கள் லிஃப்டுக்கு மாதம் இருமுறை மனசு சரியில்லாமல் போகும். அப்போதெல்லாம் வருவார். ஐம்பத்திரண்டு வயது. கண்ணாடி நெற்றியில் இருக்கும். கண்ணாடியைத் தேடும் வேலையும் கூடவே நடக்கும். லிஃப்டை உரிமையோடு அதட்டுவார்: "ரெண்டாவது மாடியில உனக்கு யாரைடி தெரியும், அங்கயே நிக்கிற?" கைபேசியிடம் மட்டும் பணிவு. 'அப்டேட் செய்யவா?' என்று அது கேட்டால், "இப்ப வேண்டாங்க" என்று வாய்விட்டுச் சொல்வார்.

அதில் பதினோரு அலாரங்கள், ஒவ்வொன்றுக்கும் பெயர். ஆறு நாற்பதுக்கு 'பெரியவன் பஸ்'. பெரியவனுக்கு இப்போது சொந்தக் கார் இருக்கிறது, முன்தலையில் வழுக்கையும் விழுந்துவிட்டது. மாலை ஏழுக்கு 'டியூஷன்'. நிகழ்காலத்தைச் சேர்ந்தது 'மாத்திரை' ஒன்றுதான். ஒருநாள் அவர் மறந்துவிட்டு வந்த சாப்பாட்டைக் கொண்டுவந்த மனைவி என்னிடம் பொருமினார்: "நான் கூப்பிட்டா திரும்பாத மனுஷன், அது கத்தினா எழுந்து நிப்பாரு."

ஐந்து கைபேசிகள் மாறிவிட்டன. படங்களைக் கடைக்காரர் மாற்றிக் கொடுப்பார். அலாரங்களை மட்டும் இவரே ஒற்றை விரலால் அடித்துக்கொள்வார்.

போன வாரம் ஐந்தாவதும் இழுத்துக்கொண்டிருக்க, வெளியூரில் வேலை பார்க்கும் மகள் ஆறாவதோடு வந்தாள். சாயங்காலமே ரயில். அப்பாவோ எங்கள் லிஃப்டில். கூண்டு இரண்டாம் மாடியில் நின்றிருந்தது; அதன் கூரைமேல் நின்ற அவருடைய தலை மூன்றாம் மாடித் திறப்பில் தெரிந்தது. எதிரே படிக்கட்டில் உட்கார்ந்து, பழையதைப் பார்த்துப் புதியதில் அடித்தாள் மகள். படியேறி மூச்சு வாங்கி நின்ற எனக்கு எல்லாம் கேட்டது.

"அப்பா, பெரியவன் பஸ் வேணுமா?"

"விட்டுடு. இப்ப அவன்தான் என்னைக் கொண்டுபோய் விடுறான்."

"டியூஷன்?"

"விடு விடு. போய் என்னத்தக் கிழிச்சீங்க?"

"மூணு அம்பது, 'பாப்பா ஸ்கூல் கேட்'?"

ஸ்பேனர் நின்றது.

"அது இருக்கட்டும்."

"பாப்பாவுக்கு இருபத்தாறு வயசுப்பா!"

மெல்லச் சொன்னார். அவள் இரண்டாம் வகுப்பு படித்தபோது, ஒரு பன்னிரண்டு மாடிக் கட்டிடத்தின் உச்சியில் வேலை மும்முரத்தில் நேரத்தை மறந்துவிட்டார். பள்ளிக்கு ஓடிச் சேர்ந்தபோது மணி ஆறு. கேட்டில் அவள் மட்டும், முதுகில் பையோடு. மறுநாள் வைத்ததுதான் இந்த அலாரம்.

"அன்னிக்கு நீ அழக்கூட இல்லம்மா. அதான்..."

"ஆறு மணியா? எனக்கு ஞாபகமே இல்லையே."

"ஞாபகமே இல்லையா?"

"சத்தியமா இல்லப்பா."

பத்தொன்பது வருடம் தூக்கி வந்த பெட்டியை, 'இது எங்களோடது இல்லையே' என்று வீட்டுக்காரர் திருப்பி அனுப்பினால் எப்படி விழிப்போமோ, அப்படி விழித்தார். அது நிம்மதியா ஏமாற்றமா என்று எனக்குப் பிடிபடவில்லை. அவருக்கும்தான் என்று நினைக்கிறேன்.

"ஆனா ஒண்ணுப்பா, தினமும் அஞ்சு நிமிஷம் லேட்டாத்தான் வருவ. வாட்ச்மேன் ஸ்டூல்ல உக்காந்து, போற வண்டியெல்லாம் எண்ணிட்டிருப்பேன். அது நல்லா ஞாபகம் இருக்கு."

"தினமுமா?"

"தினமும்தான். சட்டையெல்லாம் கறை. கை மட்டும் பளிச்சுனு இருக்கும்."

அவள் புதுக் கைபேசியைத் திறப்பின் விளிம்பில் வைத்தாள். "இந்தா, மூணு அம்பது போட்டாச்சு. போதுமா? நேரத்துக்குச் சாப்பிடு. வரேன்."

அவளுடைய செருப்புச் சத்தம் மாடி மாடியாக இறங்கி, வாசலில் மறைந்தது. அவர் பழந்துணியை எடுத்து விரல் விரலாகத் துடைத்தார். நெற்றியிலிருந்த கண்ணாடியை, தேடாமலே, மூக்குக்கு இறக்கினார். பிறகு ஒற்றை விரலால் மூன்று ஐம்பதை மூன்று நாற்பத்தைந்தாக மாற்றினார்.