கேஸ்கெட் சுரண்டிய விரல்

மகள் நகப்பூச்சு அழிக்கப் பஞ்சில் நனைத்த திரவத்தின் நெடிதான் என்னைக் கடலூர் முதுநகரில், துறைமுகத்துக்குப் போகும் வழியில் இருந்த அப்பாவின் படகு எஞ்சின் பட்டறைக்குக் கொண்டுபோனது. எஞ்சினைப் பிரித்தால், இரண்டு பாகங்களுக்கு நடுவே வைத்த பழைய கேஸ்கெட் அட்டை அடிப்பிடித்த சோறாய் ஒட்டிக்கொண்டிருக்கும். அப்பா உளியை எடுப்பார், அம்மா பிடுங்கிக்கொள்வாள்.

"கீறல் வுழுந்தா எண்ணெ ஒழுவும். நடுக்கடல்ல நின்னுபோச்சுன்னா யாரு போறது?"

அதே நெடியடிக்கும் தின்னரை ஊற்றி ஊறவிட்டு, மூங்கில் சிம்பால் சர்க் சர்க்கென்று வழித்து, மிச்சத்தைக் கட்டைவிரல் நகத்தால் பெயர்த்து, கண்ணை மூடிக்கொண்டு விரலால் தடவித் தடவிப் பார்த்த பிறகுதான் "பூட்டுங்க" என்பாள். படகுக்காரர்கள் வாசலிலேயே, "அண்ணி சொரண்டுனதுதான?" என்று கேட்டுக்கொள்வார்கள். போர்டில் அப்பா பெயர் இருந்தது.

பட்டறை இருந்த இடத்தில் இப்போது வண்டி நிறுத்துகிறார்கள். போன மாதம் ரேஷன் கடையில் கைரேகைக் கருவி அம்மாவின் கட்டைவிரலை மூன்று முறை ஏற்கவில்லை.

"ரேகையே தேஞ்சுபோச்சும்மா" என்றான் கடைக்காரப் பையன்.

அம்மா கண்ணை மூடி, கருவியில் விரல் வைக்கும் கண்ணாடியை ஒருமுறை தடவினாள்.

"இந்த ஓரத்துல ஏதோ ஒட்டியிருக்குது, தம்பி. மொதல்ல அத எடு."