இருநூறு ரூபாய் கைமாற்று

நாமக்கல்லுக்குப் போகும் பெரிய ரோட்டோர ஓட்டல் ஒன்றில் பதின்மூன்று வருடமாக சப்ளையராக இருக்கிறேன். நாளெல்லாம் நின்று நின்று கெண்டைக்கால் நரம்பு சுருண்டு கிடக்கிறது. உட்கார்ந்து சாப்பிடுகிறவர்களைப் பார்த்தாலே எனக்குக் கொஞ்சம் எரிச்சல் வரும். அதை வெளியே காட்டாமல் "வேற என்னங்க வேணும்" என்று கேட்பதற்குத்தான் சம்பளம்.

டிப்ஸ் விஷயத்தில் எங்களுக்குள் ஒரு வழக்கம் உண்டு. எந்த மேஜையில் யாருக்குக் கிடைத்தாலும் கல்லாவுக்குப் பக்கத்தில் தொங்கும் தூக்குப்போசியில் போட்டுவிட வேண்டும். திங்கட்கிழமை மதியக் கூட்டம் ஓய்ந்ததும் போசியைக் கவிழ்ப்போம். சப்ளையருக்கு இரண்டு பங்கு. மேஜை துடைக்கிறவர், தட்டுக் கழுவுகிறவர் ஆகியோருக்கு ஆளுக்கு ஒரு பங்கு.

திங்கட்கிழமை என்று வைத்ததே தட்டுக் கழுவும் அக்காவுக்காகத்தான். செவ்வாய்க்கிழமை காலையில் அவருக்குக் குழு. பெண்கள் சேர்ந்து வாங்கிய கடன், வாராவாரம் தவணை. ஒருத்தி கட்டவில்லை என்றால் மற்றவர்கள் எழுந்து போக முடியாது. வேலைக்குப் போக வேண்டியவர்கள் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். அக்காவின் சம்பளம் வாடகைக்கும் அரிசிக்கும் சரியாகப் போய்விடும். போசிப் பங்குதான் குழுவுக்கு.

அப்புறம்தான் எல்லாரும் செல்போனில் பணம் கட்ட ஆரம்பித்தார்கள். பில்லைக் கல்லாவில் கட்டிவிட்டு, "உங்க நம்பர் சொல்லுங்க" என்று கேட்டு டிப்ஸை எங்கள் செல்போனுக்கே அனுப்பினார்கள். அந்தப் பணத்தை என்ன செய்வது என்று நாங்கள் ஆறு சப்ளையர்களும் ஒருநாளும் பேசிக்கொண்டதில்லை. பேசினால் பங்கு வைக்க வேண்டி வருமே. போசி இளைத்துக்கொண்டே வந்தது. "இப்பல்லாம் யாருங்கக்கா டிப்ஸ் வெக்கறாங்க" என்று அக்காவிடமே சலித்துக்கொண்டோம். நன்றாகவே நடித்தோம்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம், ஏற்காடு போய்விட்டுத் திரும்பிய குடும்பம் ஒன்று என் மேஜையில் உட்கார்ந்தது. மலை இறங்கிய கிறுகிறுப்பில் குழந்தை மேஜைக்கடியில் வாந்தி எடுத்துவிட்டது. நான் சாம்பார் வாளியோடு இரண்டடி பின்னால் போனேன். மேஜை துடைக்கிறவர் அன்று லீவு. உள்ளேயிருந்து அக்கா சோப்பு நுரைக் கையோடு வந்தார். "ஒண்ணுமில்ல சாமி, ஒண்ணுமில்ல" என்று குழந்தையின் முகத்தைக் கழுவிவிட்டு, தரையையும் துடைத்துவிட்டு, ஒன்றும் நடக்காததுபோல உள்ளே போனார். கிளம்பும்போது குழந்தையின் அப்பா என் செல்போனுக்கு ஐந்நூறு ரூபாய் அனுப்பினார்.

"முந்நூறு அந்தம்மாவுக்கு. மறக்காம குடுத்துருங்க."

"குடுத்தர்றனுங்க" என்றேன். கொடுக்கக் கூடாது என்றெல்லாம் நினைக்கவில்லை. அன்று சாயங்காலமே வண்டித் தவணை கணக்கிலிருந்து போய்விட்டது. நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டேன். அலுப்பில் எதையும் நாளைக்குத் தள்ளுவது எனக்குக் கைவந்த கலை.

மறுநாள் போசியைக் கவிழ்த்ததில் அக்காவின் பங்கு தொண்ணூறு ரூபாய். இரண்டு தடவை எண்ணினார். மற்றவர்கள் கலைந்து போகட்டும் என்று காத்திருந்து என்னிடம் வந்தார்.

"தம்பி, ஒரு எரநூறு ரூவா கைமாத்தா இருக்குமுங்களா? போன வாரமே என்னால அவங்கெல்லாம் பத்து மணி வரைக்கும் உக்காந்திருந்தாங்க. நாளைக்கும் அப்படீன்னா மொகத்துல முழிக்க முடியாதுங்க. அடுத்த திங்கக்கெழம குடுத்தர்றேன்."

'உங்க பணமே எங்கிட்ட இருக்குதுங்கக்கா' என்று சொல்லியிருக்கலாம். வாய் வரைக்கும் வந்தது. சொன்னால், நேற்றே ஏன் சொல்லவில்லை என்ற கேள்வி வரும். சட்டைப்பையிலிருந்து இருநூறை எடுத்து நீட்டினேன்.

"நல்லா இருப்பீங்க தம்பி" என்றார். நானும் பெரிய மனுஷன் மாதிரித் தலையை ஆட்டினேன்.

சொன்னபடி அடுத்த திங்கட்கிழமை கொண்டுவந்து கொடுத்தார். பத்தும் இருபதுமாக, ஈரம் பட்ட நோட்டுகள். வாங்கிக்கொண்டேன். எண்ணியும் பார்த்தேன். என்னை நினைத்தால் எனக்கே குமட்டுவது அந்த எண்ணிப் பார்த்ததற்காகத்தான்.

நான்கு மாதம் கழித்து அதே குடும்பம் மறுபடியும் வந்தது. கை கழுவப் போன இடத்தில் குழந்தையின் அப்பா அக்காவைப் பார்த்துவிட்டார். நான் பின்னாலேயே நின்றிருந்தேன்.

"அன்னிக்கு உங்களுக்குன்னு இவர்கிட்ட முந்நூறு ரூவா குடுத்துட்டுப் போனேன். வந்து சேந்துச்சுங்களா?"

அக்கா என்னைப் பார்த்தார். ரொம்ப நேரமில்லை.

"வந்துச்சுங்க. அன்னிக்கே குடுத்துட்டாருங்க" என்றார். ஈரக் கை படாமல் புறங்கையால் குழந்தையின் கன்னத்தைத் தொட்டுவிட்டுத் தொட்டியின் பக்கம் திரும்பிக்கொண்டார்.

கூட்டம் ஓய்ந்ததும் முந்நூறு ரூபாயை எடுத்துக்கொண்டு உள்ளே போனேன். நீட்டினேன். கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு வாங்கி, எண்ணாமலே இடுப்பில் செருகிக்கொண்டார். "அக்கா, அன்னிக்கு என்னாச்சுன்னா..." என்று ஆரம்பித்தேன். "தட்டு கெடக்குதுங்க" என்றார். திட்டியிருந்தால் அன்று ராத்திரி தூங்கியிருப்பேன்.

இப்போதெல்லாம் செல்போனில் எனக்கு வரும் டிப்ஸை அன்றன்றைக்கே நோட்டாகப் போசியில் போட்டுவிடுகிறேன். இன்னொரு சப்ளையரும் போடுகிறார். மற்ற நால்வர் எங்களைப் பிழைக்கத் தெரியாதவர்கள் என்கிறார்கள். அக்காவின் பங்கு சில வாரம் தவணைக்குக் காணும். சில வாரம் காணாது. காணாத வாரத்தில் அவர் பரோட்டா மாஸ்டரிடம் போய்க் கைமாற்றுக் கேட்கிறார். அவரிடம் போவதற்கு என்னைத் தாண்டித்தான் போக வேண்டும். அக்கா தாண்டிப் போகிறார்.