என் பேரில் வாங்கிய மாத்திரை

"ஏனுங்க அம்மணி, அந்த மாத்திரைய நீங்க போட்டுக்கலியே?"

மருந்துக்கடைக்காரர் கேட்டது என் முகத்தைப் பார்த்தல்ல, வயிற்றைப் பார்த்து. எனக்கு ஆறாம் மாதம். தொண்ணூறுகளின் நடுவில் ஒரு சித்திரை வெயில். பிள்ளைத்தாய்ச்சியாக மாரியம்மன் நோம்பிக்கு, ஊர்த் திருவிழாவுக்கு, போத்தனூரிலிருந்து அம்மா வீட்டுக்கு வந்திருந்தேன். கொடுமுடி ஈரோடு சாலையில் எங்கள் ஊர்க் கடைவீதி. நெஞ்செரிச்சலுக்கு ஏதாவது வாங்கலாம் என்று போனவள்.

"எந்த மாத்திரைங்க?"

"நாள் தள்ளிப்போடுற மாத்திரைங்க. 'என்ற புள்ள நோம்பிக்கு வந்திருக்கறா, அவளுக்கு'ன்னு சொல்லி உங்கம்மாதான் வாங்கிட்டுப் போனாங்க. நீங்க முழுகாம இருக்கறது எனக்குத் தெரியாதுங்க. தெரிஞ்சா குடுத்திருப்பனுங்களா?"

"நான் போடலீங்க."

அவருக்கு மூச்சு வந்தது. எனக்கு நின்றது.

அந்த மாத்திரை எங்கள் பக்கம் புதிதில்லை. நோம்பிக்குப் பூச்சாட்டி, கோயில் முன் கம்பம் நட்டுவிட்டால் கோயில் வேலை செய்யும் பெண்களுக்கு வீட்டுக்குத் தூரம் வந்துவிடக் கூடாது. வந்துவிடுமோ என்று பயந்தவர்கள் குரலைத் தாழ்த்திக் கேட்பார்கள். அவரும் காகிதத்தில் சுற்றிக் கொடுப்பார். ஆனால் அம்மாவுக்குத்தான் நாளே கிடையாதே. ஒன்றரை வருடம் முன்பே நின்றுபோனது. நின்றுபோனதால்தான் கோயில் பாத்திர அறையின் சாவியை அவளிடம் கொடுத்தார்கள். மாவிளக்குக்கு அரிசி இடிப்பதும் தீர்த்தக்குடங்களைத் துலக்குவதும் இனி அவள் பொறுப்பு. மாதாமாதம் ஓரமாக உட்கார்ந்த உடம்பு, யாரையும் கேட்காமல், எந்தக் கணக்கும் பார்க்காமல் கோயில் படியேறியது. இடுப்பில் சாவி அசைய அசைய அவள் நடந்த நடை, அதுவரை நான் பார்க்காத நடை.

நாளே இல்லாதவள் எந்த நாளைத் தள்ளுகிறாள்?

வீடு வரும்வரை வெயில் தெரியவில்லை. அம்மா முறத்தில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள்.

"யாருக்கும்மா அந்த மாத்திரை?"

முறம் ஒருமுறை எழுந்து, இறங்கி, நின்றது.

"கடக்காரனுக்கு நாக்கு ஒரு எடத்துல நிக்காதே."

"யாருக்கு?"

"மெல்லப் பேசு. அப்பன் காதுல உழுந்துரும்." அரிசியில் இல்லாத கல்லைத் தேடினாள். "மறுக்கா வந்துருச்சு கண்ணு. தை மாசத்துலருந்து. மொதல்ல கறையாட்டம். அப்பறம் ஒரு நாளு ஊத்திப்போட்டுது. நோம்பி முடியட்டும்னு நிறுத்தி வெச்சிருக்கறன்."

"நின்னது திரும்பி வரக் கூடாதும்மா."

"மக வவுத்துப் புள்ளயோட வந்து நிக்கறா. இந்த நேரத்துல எனக்கு வந்துருச்சுன்னு யாருகிட்டப் போயிச் சொல்றது? கெழவிக்கு எளம திரும்பிருச்சும்பாளுக."

சொல்லிவிட்டு அவளே சிரித்தாள். அந்தச் சிரிப்பைப் பார்க்க எனக்குத் தைரியமில்லை. நான் காட்டிக்கொண்டிருந்த கோயமுத்தூர் ஆஸ்பத்திரியில், காத்திருக்கும் பெஞ்சுக்கு எதிரே சுவரில் ஒரு தாள் ஒட்டியிருக்கும். மாதவிடாய் நின்ற பிறகு ரத்தம் கண்டால் தாமதிக்காமல் வரவும். எனக்கான வரி இல்லை என்றுதான் மாதாமாதம் அதைப் படித்திருந்தேன்.

அந்த மாதங்களில் என் உடம்பு எல்லோருக்கும் சொந்தம். சாப்பிட்டாயா, கால் வீங்குகிறதா, குழந்தை அசைகிறதா? ஊசி, இரும்புச்சத்து மாத்திரை, கைநாடி. வயதுக்கு வந்தபோது ஊர்கூடிச் சீர் செய்ததும் இதே உடம்புக்குத்தான். அம்மாவின் உடம்பையும் ஒரு காலத்தில் இப்படிக் கேட்டிருப்பார்கள். பிள்ளை பெற்று முடித்ததும் கேள்விகள் குறைந்தன. நின்றுபோனதும் அவையும் நின்றுபோயின. ஐம்பது வயது உடம்பிடம் விசாரிக்க என்ன இருக்கிறது என்று நாங்கள் எல்லோரும் நினைத்துக்கொண்டோம். அவளும் நினைத்துக்கொண்டாள்.

"நாளைக்கே டாக்டர்கிட்டப் போலாம்."

"நோம்பிக்கு முன்ன சாவியக் குடுத்தா, ஏன்னு கேப்பாங்க. தீட்டோட கோயலுக்குள்ள வந்தியாம்பாங்க. நான் வரமாட்டன்."

அவள் என் பேரில் மாத்திரை வாங்கினாள். நான் என் பேரிலேயே அவளைக் கூட்டிப்போனேன். விடிந்ததும் அப்பாவிடம், வயிறு இழுத்துப் பிடிக்கிறது, என் டாக்டரைப் பார்க்க வேண்டும், அம்மாவும் வரட்டும் என்றேன். அம்மா என்னை முறைத்தாள். பொய் என்று சொல்ல வேண்டுமானால் நிஜத்தைச் சொல்ல வேண்டும். சேலை மாற்றிக்கொண்டு வந்தாள்.

ரயிலில் அப்பா என் கையை விடவில்லை. ஒவ்வொரு குலுக்கலுக்கும் என் வயிற்றைப் பார்த்தார். எதிரே ஜன்னலோரம் அம்மா; மடியில் கை, கைக்குள் சாவி. யாருக்காகப் பயப்பட வேண்டும் என்று தெரியாமல் ஒரு மனிதர் தவறான ஆளுக்காகப் பயந்துகொண்டே வந்தார்.

ஆஸ்பத்திரி வாசலில் இளநீர் வண்டியைக் கண்டதும் அப்பா அங்கேயே நின்றுகொண்டார். உள்ளே டாக்டரம்மா எனக்கு நாற்காலியைக் காட்டினார். நான் உட்காரவில்லை.

"எனக்கில்லீங்க மேடம். அம்மாவுக்கு. நின்னதுக்கப்பறம் மறுக்கா ரத்தம் படுதுங்க."

"நாஞ்சும்மா தொணைக்கு வந்தனுங்க," என்றாள் அம்மா கதவோரமாக.

நாற்காலியை அவள் பக்கம் இழுத்துப் போட்டேன். அம்மா முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டாள். பிறகு நுனியில் உட்கார்ந்தாள்.

"எப்ப இருந்துங்க படுது?"

"அவளே சொல்லுவாளுங்க."

"உங்க ஒடம்ப அவங்க எப்படிங்க சொல்லுவாங்க?"

அம்மா தரையைப் பார்த்துக்கொண்டே சொல்ல ஆரம்பித்தாள். கறை, ரத்தக்கட்டி, அடிவயிற்று வலி, ஒளித்துத் துவைத்த துணிகள். எனக்குச் சொன்னது அதில் கால்வாசிகூட இல்லை. அம்மா சுருக்குப்பையிலிருந்து எடுத்து நீட்டிய மாத்திரை அட்டையை டாக்டரம்மா திருப்பிப் பார்த்தார்.

"இது ரத்தத்த நிறுத்தும். ரத்தம் எதனால வருதோ அத நிறுத்தாது. கர்ப்பப்பையில இருந்து கொஞ்சம் சுரண்டி எடுத்துச் சோதனைக்கு அனுப்பணும். இன்னிக்கே சேந்துருங்க."

"நோம்பி முடிச்சுப்போட்டு வாரனுங்க."

"அதுக்குள்ள இது பரவிருச்சுன்னா?"

அம்மா சாவியின் பற்களைக் கட்டைவிரலால் தடவிக்கொண்டிருந்தாள். மாட்டேன் என்று எழுந்து போய்விடுவாள் என்றே நினைத்தேன். எழுந்தாள். கதவைத் திறந்து வெளியே நடந்தாள். நான் வயிற்றைப் பிடித்துக்கொண்டு பின்னால் ஓடினேன்.

பிறகு வந்த சோதனை முடிவில் புற்றுநோய், ஆரம்ப நிலை என்று இருந்தது. கர்ப்பப்பையை எடுத்தார்கள். அம்மா எழுபதைத் தாண்டியும் என்னோடு சண்டை போட்டாள். அந்த நிமிஷத்தில் இதெல்லாம் எனக்கு எங்கே தெரியும்? வாசல் வெளிச்சத்தில் அவள் முதுகு மட்டும்தான் தெரிந்தது.

அப்பா எனக்காகச் சீவிய இளநீரை ஏந்திக்கொண்டு நின்றிருந்தார். அம்மா சாவியை அவர் முன் நீட்டினாள்.

"ஏனுங்க, இதப் பூசாரி ஊட்டுல குடுத்துப்போடுங்க. கேட்டாங்கன்னா தீட்டுன்னு சொல்லாதீங்க. ஒடம்பு சரியில்லைன்னு சொல்லுங்க."

அப்பா என்னைப் பார்த்தார். "இவளுக்கா?"

"எனக்குத்தானுங்க," என்றாள் அம்மா. அவர் கையிலிருந்த இளநீரை வாங்கி, நின்றபடியே குடித்தாள்.