பெல்ட்டை இழுத்த கை

எழுபதுகளின் தொடக்கத்தில் கும்மிடிப்பூண்டி ஸ்டேஷன் பக்கம் மோட்டார் வைண்டிங் கடை வைத்திருந்தேன். எரிந்த மோட்டாரைக் கொண்டு வருகிறவர்கள் கூடவே ஒரு குற்றவாளியின் பெயரையும் கொண்டு வருவார்கள். அதைக் காதில் போட்டுக்கொள்ளாமல் இருப்பது தொழிலில் பாதி.

ஒரு நாள் காலை புதுவாயல் மர மில் முதலாளி ராகவலு மாட்டு வண்டியில் மோட்டாரைக் கொண்டுவந்து இறக்கினார். வட்ட ரம்பம் ஓட்டுகிற அஞ்சு எச்.பி. மோட்டார். மீன் பெட்டிக்குப் பலகை அறுக்கிற மில் அது. கருகிய வார்னிஷ் வாடை அவருக்கு முன்னால் கடைக்குள் வந்துவிட்டது. ரம்பம் ஓட்டும் ஏழுமலை வாசலிலேயே நின்றார். பழவேற்காடு ஏரியில் மீன்பிடிப்பதை விட்டுவிட்டு மில் சம்பளத்தை நம்பி வந்த குடும்பக்காரர்.

"மேஸ்திரி, ஈர மரத்தத் திணிச்சி மோட்டாரக் கொளுத்திட்டான் இவன். ஒரே பேஜாரு. நீ ரிப்பேர் பண்ணிக் குடு. இவன இன்னியோட நிறுத்திடறேன்" என்றார் ராகவலு.

"மரம் காஞ்சதுதான் மொதலாளி" என்றார் ஏழுமலை. அதற்கு மேல் ஒரு வார்த்தை இல்லை. எனக்கு எரிச்சலாக வந்தது. பிழைப்பு போகப் போகிறது, இந்த மனுஷன் வாயில் கொழுக்கட்டை வைத்தது மாதிரி நிற்கிறாரே என்று.

எண்ட் கவரைக் கழற்றி ரோட்டரை வெளியே எடுத்தேன். ஈர மரம் அறுத்து ஓவர்லோடில் எரிந்திருந்தால் மூன்று பேஸ், அதாவது மூன்று கரண்ட் லைன்களின் காயில்களும் ஒன்றுபோலக் கருகியிருக்கும். இதில் இரண்டு பேஸ் காயில்கள் கரியாகக் கிடந்தன. மூன்றாவது பேஸ் காயில்கள் நேற்றுச் சுற்றியவை மாதிரி இருந்தன. ஒரு பேஸில் கரண்டே வரவில்லை. மற்ற இரண்டும் அதன் சுமையையும் சேர்த்து இழுத்து வெந்திருக்கின்றன.

ஆனால் ஒரு பேஸ் போனால் மோட்டார் தானாக ஸ்டார்ட் ஆகாது, முனகிக்கொண்டு நிற்கும். அதற்கு எங்கள் பக்கத்து மில்களில் ஒரு வழக்கம் உண்டு. ஸ்விட்சைப் போட்டுவிட்டு ஒருவர் பெல்ட்டைக் கையால் சுண்டி இழுப்பார். மோட்டார் சுற்ற ஆரம்பிக்கும். சும்மா சுற்றும்போது ஒன்றும் தெரியாது, மரத்தைக் கொடுத்தால் எரிந்துவிடும். இழுத்தவர் விரல் தப்பினால் அது அவர் நல்ல நேரம்.

"நேத்து மோட்டார் தானா ஸ்டார்ட் ஆச்சா மொதலாளி?" என்று கேட்டேன்.

"எங்க ஆச்சி? முனகிக்கினு நின்னுச்சி. பெல்ட்ட இழுடான்னா இவன் பயந்துக்கினு, ஒயர்மேனக் கூப்புடுங்கன்னான். அவன் வர்ற வரைக்கும் ஆளுங்களக் குந்த வெச்சிக்கினு இருக்க முடியுமா? நானே ஒரு இழுப்பு இழுத்தேன். ஜம்முனு ஓடிச்சி." குரலில் பெருமைகூட இருந்தது.

மோட்டாரை வெளிச்சத்துப் பக்கம் திருப்பி, கரிந்ததையும் கரியாததையும் காட்டினேன். எதனால் இப்படி என்று சொன்னேன். அவர் குனிந்து வெகுநேரம் பார்த்தார். நிமிர்ந்தபோது முகத்தில் பெருமை இல்லை.

பிறகு மூவரும் மில்லுக்குப் போனோம். மெயின் ஸ்விட்சில் நடு ஃபியூஸ் உப்புக்காற்றில் பச்சை பூத்து அறுந்துபோயிருந்தது. சுமை மீறினால் மோட்டாரை நிறுத்திக் காப்பாற்றும் ஸ்டார்ட்டர் ரிலேயில், அடிக்கடி ட்ரிப் ஆகிறதென்று யாரோ குச்சி செருகியிருந்தார்கள். ராகவலு அதைத் தானே பிடுங்கி எறிந்தார்.

"மோட்டார் ரெடியானா நீயே போய் எடுத்துக்கினு வா நைனா" என்றார் ஏழுமலையிடம். மன்னிப்பு என்று வாயால் கேட்கவில்லை. அவரால் முடிந்தது அவ்வளவுதான்.

ராகவலு அந்தப் பக்கம் போனதும், "இழுத்தது மொதலாளின்னு ஏம்பா சொல்லல?" என்று கேட்டேன்.

"நான் சொன்னா தப்பிச்சிக்கப் பாக்கறான்னுவாரு. நீ அவரையே கேட்ட, அவரே சொல்லிட்டாரு" என்றார் ஏழுமலை.

அந்தப் பதில் என்னை நிறைய யோசிக்க வைத்தது. நான் வேறு மாதிரி கேட்டிருந்தால் ஒரு குடும்பம் தெருவுக்கு வந்திருக்கும். இன்று ஸ்பேனரை எடுக்கிற பிள்ளைகளுக்கு நான் சொல்வது இதுதான். மோட்டார் எப்படி எரிந்தது என்று கேட்காதீர்கள், ஓர் ஆளைக் கை காட்டுவார்கள். எப்படி ஸ்டார்ட் ஆனது என்று கேளுங்கள். நடந்ததைச் சொல்வார்கள்.