மாமனார் பகிர்ந்த பூச்சடைப் படம்

ஒரு குழந்தையின் படத்தை இணையத்தில் போடலாமா கூடாதா என்று யார் முடிவு செய்வது? அம்மாவா, அப்பாவா, படம் எடுத்த தாத்தாவா? ஐந்து வயது மகளை வைத்துக்கொண்டு இன்னும் எனக்கு விடை தெரியவில்லை.

என் மாமனார் ஹைதராபாத் பாலாநகரில் ஒரு தொழிற்சாலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அல்வாலில் எங்களோடு இருக்கிறார். பழைய ஹைதராபாத் படங்களைப் பகிரும் முகநூல் குழு ஒன்றில் அவருக்குத் தனி மவுசு. தொழிற்சாலை ஆயுத பூஜை, குவார்ட்டர்ஸ் கொலு என்று தினம் ஒன்று ஏற்றுவார். அதில் எனக்கு ஆட்சேபமே இல்லை. நான் வைத்த ஒரே சட்டம், குழந்தையின் படம் வெளியே போகக்கூடாது. தலையாட்டிக்கொண்டுதான் இருந்தார்.

போன மாதம் அலமாரியில் என் கணவரின் பூச்சடைப் படம் அகப்பட்டது. மொட்டை போடுவதற்கு முன் பையனுக்குப் பாவாடை கட்டி, சடையில் பூத் தைத்து, பின்னால் கண்ணாடி வைத்து ஸ்டுடியோவில் படம் எடுப்பது எங்கள் பக்கத்து வழக்கம். மாமனார் சும்மா இருந்திருக்கலாம். மோண்டா மார்க்கெட்டில் ரெடிமேட் பூச்சடை வாங்கி வந்து, நான் அலுவலகம் போயிருந்த நேரத்தில் பேத்தியை அதே மாதிரி உட்காரவைத்து எடுத்து, இரண்டு படங்களையும் ஒட்டிப் போட்டுவிட்டார். “அன்று மகன், இன்று பேத்தி.”

சாயங்காலம் பார்த்தால், கீழே யாரோ தெலுங்கில் எழுதியிருக்கிறார்: “இந்தப் பாப்பா எங்கள் சந்து முனையில்தானே ஸ்கூல் வேன் ஏறும்?”

அதை மாமனாரிடம் காட்டினேன்.

“பாத்தியாம்மா, நம்ம தெருக்காரர்!” என்றார் மாமனார்.

“அவர் யாருன்னு தெரியுமா மாமா?”

“தெரிஞ்சுக்கத்தானே குரூப்பே!”

கணவரிடம் சொன்னேன். “அப்பாவுக்கு ஒரு சந்தோஷம், விடேன்” என்றார். மறுநாள் அவர் அலுவலகத்தில் யாரோ அவருடைய பாவாடைப் படத்தைக் காட்டிச் சிரித்திருக்கிறார்கள். மதியமே அப்பாவுக்கு ஃபோன்: “முதல்ல என் படத்த எடுங்கப்பா!” மகள் முகம் ஊருக்கே தெரியலாம், அப்பாவின் பாவாடை தெரியக்கூடாது.

மாமனார் மகன் சொல்லைத் தட்டாதவர். பதிவை நீக்கினார். பிறகு பேத்தியின் படத்தை மட்டும், முன்பைவிடப் பெரிதாக, மறுபடி போட்டார். சந்துமுனைக்காரர் வந்து ஓர் இதயம் வேறு போட்டுவிட்டுப் போயிருந்தார்.

தலையில் அடித்துக்கொண்டு மாமனாரின் ஃபோனை வாங்கினேன். நீக்கப் போகும்போது, “இரும்மா, கீழ பாரு” என்றார். மல்லாபூரில் இருக்கும் பழைய குவார்ட்டர்ஸ்காரர் ஒருவர், “அப்படியே உங்கள் மனைவி முகம்” என்று எழுதி, தன்னிடமிருந்த படம் ஒன்றைப் போட்டிருந்தார். என் மாமியார், பல்லில் நூலைக் கடித்தபடி மகன் சடையில் பூத் தைத்துக்கொண்டு சிரிக்கிறார். அவர் இறந்து நான்கு வருடமாகிறது. எங்களிடம் இருக்கும் படங்களிலெல்லாம் விறைத்துதான் நிற்பார். அதன் கீழே அவருடைய புளியோதரை, தண்ணீர் லாரி வந்தால் அவர் போடும் சண்டை என்று ஆளாளுக்கு எழுதிக்கொண்டிருந்தார்கள்.

“படத்த நான் சேமிச்சுத் தரேன் மாமா.”

“படம் சரி. இவங்க பேசறது? இன்னும் முடியலையேம்மா.”

படத்தை எடுத்தால் பதிவே போய்விடும், பேச்சும் போய்விடும். ஃபோனைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன். அது சரியா என்று இப்போதும் தெரியவில்லை.

இப்போதெல்லாம் மகளை அடுத்த தெருவரை நடத்திப்போய் வேன் ஏற்றுகிறேன். “கைக்கு மம்மீ?” என்று தினமும் ஹைதராபாத் இந்தியில் காரணம் கேட்கிறாள். ஏன் என்று அவளுக்கு என்ன சொல்வது? அந்தப் பதிவு இன்னும் அங்கேயே இருக்கிறது. தினமும் யாராவது ஏதாவது எழுதுகிறார்கள், மாமனார் சத்தமாகப் படித்துக் காட்டுகிறார். உங்கள் வீட்டில் இப்படி நடந்திருந்தால் எப்படிச் சமாளித்தீர்கள் என்று எனக்கு எழுதுங்கள். அவரிடம் எப்படிச் சொல்லி அதை எடுக்கவைப்பது?