தனராஜ் சாருக்காகப் போட்ட நீள மேஜை

செய்தி வந்தபோது நான் மருந்துக் கடை வாசலில் காருக்குள் உட்கார்ந்திருந்தேன். மகன் உள்ளே போயிருந்தான். கைபேசியில் தனராஜ் சாரின் பெயர் தெரிந்தது. எடுத்த எடுப்பில், "என்னங்க சார், நாலு நாளாச் சத்தத்தையே காணோம், கோவமாக்கும்?" என்றேன். பேசியது அவர் மகள் ஷீபா. "அங்கிள், அப்பா போயிட்டாங்க. காலைல எழுப்பப் போனேன், எழுந்திரிக்கல" என்றாள். "சொல்லாமப் போற ஆளில்லீங்களே" என்றேன், ஏதோ அவள்மேல் தப்பு என்பதுபோல.

கடல் கடந்து வந்து சுகர் லேண்டில் கூடிய நம் தமிழ் முதியோர் வட்டத்தில் இருப்பவர்களுக்கு அவரை நான் அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. தூத்துக்குடித் துறைமுகத்தில் கிரேன் ஓட்டி, பிறகு மேற்பார்வையாளராகி ஓய்வு பெற்றவர். மகளோடு இருக்க இங்கே வந்தவர். நம்மில் ஃப்ரீவேயில் துணிந்து கார் ஓட்டிய ஒரே ஆள். மாதம் ஒருமுறை மகளின் பழைய வேனில் நம்மில் நாலைந்து பேரை ஏற்றிக்கொண்டு கால்வெஸ்டன் தீவுக்குப் போவார். பாலத்தில் ஏறியதும் கண்ணாடியை இறக்கிவிடுவார். "இப்பதான் மூச்சு வருது" என்பார். எங்களுக்கு உப்புக் காற்றில் தலை கலையும்.

அங்கே துறைமுகத்தை ஒட்டி ஒரு பப் இருக்கிறது. முன்னொரு காலத்தில் பருத்தி மூட்டைகளை அடுக்கிய செங்கல் கட்டடம். இரும்புத் தூண்கள், ஆளுயரத்துக்கு இரண்டு மடங்கு கதவுகள். பழைய பெரும்புயலில் தண்ணீர் எவ்வளவு ஏறியது என்று சுவரில் ஒரு கோடு போட்டு வைத்திருக்கிறார்கள். அது என் தலைக்கு மேலே இருந்தது. முதல் தடவை போய் இறங்கியதும் இதையெல்லாம் நான் பார்க்கவில்லை. மது விற்கும் இடத்துக்குள் கால் வைக்கமாட்டேன் என்று வெளியே வெயிலில் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டேன். கரூரில் எரிந்துபோன மோட்டாருக்குச் செம்புக் கம்பி சுற்றிக் காயில் கட்டிப் பிழைத்த காலத்திலிருந்து நான் வைத்திருக்கும் விதி அது. எட்டாவதோடு பள்ளியை விட்டவன் நான். எனக்கு யாரும் எதையும் கற்றுத் தரவில்லை. விதிகளையும் நானேதான் போட்டுக்கொண்டேன்.

தனராஜ் சார் வெளியே வந்தார். "அண்ணாச்சி, கட்டடத்துக்குள்ளதான வரச் சொல்லுதேன்? கிளாஸுக்குள்ளயா வரச் சொல்லுதேன்?"

"எனக்கு ஒப்பாதுங்க. நீங்க போயிச் சாப்பிடுங்க."

"நீங்க இங்க வெயில்ல காயுவீங்க, நான் உள்ள மீனு திம்பேனா? சரி, நானும் இங்கனயே இருக்கேன்" என்று பக்கத்தில் உட்கார்ந்தார். உள்ளே அவர் தட்டு ஆறிக்கொண்டிருந்தது. கடைசியில் நான்தான் எழுந்து உள்ளே போனேன். அவருக்காக அல்ல, பசித்தது.

அவர் ஒரு கிளாஸ் பியர் குடிப்பார், எல்லோர் முன்னாலும், மறைக்காமல். எனக்கு உருளைக்கிழங்கு வறுவல் வரும். பல மாதம் அதைத் தின்றேன். "எங்க போனாலும் நம்ம சைவம் நம்மகிட்ட பத்திரமா இருக்குது" என்று மேஜை முழுக்கக் கேட்கும்படி பீற்றிக்கொண்டேன். ஒருநாள் அவர் அந்தத் தட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். "இன்னைக்கு இது எனக்கு அண்ணாச்சி" என்றார். காரணத்தைச் சாப்பிடும்போது சொல்லவில்லை. வேன் அருகே தனியாக அழைத்துப்போய்ச் சொன்னார்: மீனும் கிழங்கும் ஒரே எண்ணெயில் பொரிகின்றன.

எனக்கு வந்த கோபத்தில் அவரைத்தான் திட்டினேன். "இத எதுக்குங்க போயிக் கேட்டீங்க? கேக்காம இருந்தா நான் நிம்மதியா இருந்திருப்பேனல்ல?"

"கேட்டது தப்புன்னா மன்னிச்சிருங்க. தெரிஞ்ச பிறகு உங்களத் திங்க விட்டா அது பெரிய தப்புல்லா?" என்றார்.

வேனுக்குள்ளிருந்து கேட்டுக்கொண்டிருந்த நம் வட்டத்துச் சுகுமாரன் என்னைக் காட்டி, "சார் இத்தனை மாசமா மீன் வாசனையோட சைவம்!" என்று சிரித்தார். திரும்பும் வழியெல்லாம் சிரிப்புதான். தனராஜ் சார் மட்டும் சிரிக்கவில்லை. அடுத்த மாதம் சமையலறையில் சொல்லிவைத்து, எனக்கென்று ஒரு முழு உருளைக்கிழங்கை அடுப்பில் சுட்டு, வெண்ணெயும் மிளகும் வைத்துக் கொண்டுவரச் செய்தார். அதன்பின் ஒவ்வொரு மாதமும் அது வந்தது. நான் ஒருநாளும் நன்றி சொன்னதில்லை. உப்பு போதாது என்று இரண்டு தடவை சொல்லியிருக்கிறேன்.

இனி எழுதப்போவது உங்களுக்கும் தெரியும்.

தான் இறந்தபின் சர்ச்சில் ஜெபம் முடிந்ததும் நண்பர்கள் எல்லோரும் அந்தப் பப்பில் உட்கார்ந்து சாப்பிட வேண்டும் என்பது அவர் மகளிடம் பலமுறை சொன்ன ஆசை. ஷீபா நம் வாட்ஸ்அப் குழுவில் அதைப் போட்டாள். "கண்டிப்பா வர்றோம்மா" என்று வரிசையாகப் பதில்கள், கைகூப்பும் படங்கள். அவள் இருபது பேருக்கு மேஜை சொல்லிவிட்டாள்.

நான் மட்டும் அவளை அழைத்து மறுத்தேன். "சர்ச்சுக்கு வர்றேன் சாமி. துக்கத்துச் சோத்தச் சாராயம் ஊத்தற எடத்துல திங்கறது எனக்கு ஒப்பாது."

"பரவாயில்ல அங்கிள். அப்பாக்குத் தெரியும்" என்றாள். குரல் மெலிந்திருந்தது. நான் அதோடு விட்டிருக்கலாம். எதையும் மறைத்துப் பேசிப் பழக்கமில்லை என்று அதையே குழுவிலும் எழுதினேன். அதற்கு யாரும் பதில் போடவில்லை.

சனிக்கிழமை ஜெபம் முடிந்தது. வண்டிகள் நிறுத்துமிடத்தில் ஒருவருக்குப் பேத்தியின் டான்ஸ் கிளாஸ் நினைவு வந்தது, இன்னொருவருக்கு முட்டி வலித்தது. வண்டிகள் ஒவ்வொன்றாக வீட்டுப் பக்கம் திரும்பின. சுகுமாரனைப் பிடித்து நிறுத்தினேன்.

"நீங்க போகலீங்களா? வர்றேன்னு எழுதினீங்களே?"

"என்ன சார் நீங்க! நீங்களே வரமாட்டேன்னு ஓப்பனா போட்டுட்டீங்க. அப்புறம் நாங்க போய் பார்ல உட்காந்தா நல்லாவா இருக்கும்? எல்லாரும் உங்களைத்தான் பார்த்தோம்."

என் பேச்சை வீட்டில்கூட யாரும் மதிப்பதில்லை என்று எனக்கு நெடுநாள் மனக்குறை. அன்று மதித்துவிட்டார்கள்.

மகனிடம், "கால்வெஸ்டனுக்கு விடு" என்றேன்.

"அப்பா, நீங்கதானே போகமாட்டேன்னு..."

"வண்டிய எடுறா."

அந்த நீள மேஜையைப் போகாத நீங்கள் பார்க்கவில்லை. நான் பார்த்தேன். இருபது நாற்காலிகள், இருபது தட்டுகள், எல்லாக் கிளாஸிலும் தண்ணீர் ஊற்றி ஐஸ் கரைந்துகொண்டிருந்தது. ஓர் ஓரத்தில் ஷீபாவும் அவள் கணவரும். வழக்கமாக எங்களுக்குப் பரிமாறும் பெண் வந்து, மற்றவர்கள் எங்கே என்று கேட்டாள். செய்தித்தாள் படித்தே இங்கிலீஷ் கற்று, இந்த நாட்டில் வங்கிக்காரன் முதல் பக்கத்து வீட்டுக்காரன் வரை எல்லோரிடமும் வாதாடியவன் நான். அன்று கிளாஸ்களை எண்ணிக்கொண்டு நின்றேன். "டிராஃபிக்" என்றாள் ஷீபா, நம் எல்லோருக்காகவும்.

நான் உட்கார்ந்தேன். "உன்ற கணக்குல நான் இல்லையே" என்றேன்.

"இல்ல அங்கிள், உங்கள சேர்க்கல. நான் கவுன்ட் பண்ணும்போது அப்பா சொல்றதுதான் ஞாபகம் வந்துச்சு. 'வர்றேன்னு சொல்றவங்கள நம்பி உலை வைக்க முடியாது. அண்ணாச்சி மாட்டேன்னா மாட்டேன்தான், வாரேன்னா வந்துருவாரு. அந்த ஒரு ஆளு சொல்லுக்குத்தான் நான் இலை போடுவேன்'னு சொல்வாங்க" என்று சொல்லிவிட்டு அழுதாள். "நீங்க வருவீங்கன்னு நான் நினைக்கவே இல்ல."

அவர் நம்பிய அந்தச் சொல்லால்தான் அவர் மேஜை காலியானது. அதையும் காப்பாற்றாமல் நான் அங்கே, வேறு யாருக்கோ போட்ட நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன். தலை நிமிரவில்லை. பரிமாறும் பெண் ஆளில்லாத தட்டுகளை எடுக்க வந்தபோது, இருக்கட்டும் என்று கையால்தான் காட்டினேன். வைத்ததைச் சாப்பிட்டேன். உப்பு இருந்ததா, இல்லையா, தெரியவில்லை.

துக்கச் சாப்பாட்டை மது விற்கும் இடத்தில் சாப்பிடக் கூடாது என்றுதான் இப்போதும் நினைக்கிறேன். அதை மாற்றிக்கொள்ளப் போவதில்லை. ஆனால் அந்த மேஜை என் கண்ணைவிட்டுப் போகவில்லை. உங்களில் யாருக்காவது அது கனவிலாவது வந்தால் நல்லது என்று நினைக்கிறேன்.

அவர் கடிகாரத்தை வைத்துக்கொள்ளும்படி ஷீபா கொடுத்தாள். வாங்கவில்லை. என் சொல்லை நம்பி ஒருவர் இலை போட்டிருப்பார் என்பது மட்டும் என்னிடம் இருக்கிறது. அதற்கு நான் தகுதியில்லாதவன் என்று தெரிந்துவிட்டது. இருந்தும் அதை யாரிடமும் திருப்பிக் கொடுக்கமாட்டேன்.