கழுகுக் கூட்டில் அப்பாவின் தோர்த்து

பேய், பிசாசு என்றால் சிரிக்கிற ஆள் நான். எங்கள் வீட்டில் முதன்முதலில் பள்ளிக்கூடம் போனவன், அந்தத் திமிரும் கொஞ்சம் உண்டு. இதைக் கேட்டு நீங்களும் சிரிப்பீர்கள், சிரியுங்கள்.

எண்பதுகளின் தொடக்கம். வறண்ட மலைகளில் பிணந்தின்னிக் கழுகுகளையும் கூடுகளையும் கணக்கெடுக்கிற தற்காலிக வேலை எனக்கு. கொச்சி மட்டாஞ்சேரியில் சுக்குக் கிடங்கில் மூட்டை தூக்கும் அப்பாவுக்கு அது வேலையாகவே தெரியவில்லை.

"செத்த மாட்டைத் தின்னுறதை எண்ணவாடா உன்னைக் காலேஜுக்கு அனுப்பினேன்? கிடங்கு ஆபீஸ்ல இடம் சொல்லி வச்சிருக்கேன். விஷுப் பண்டிகையோட மலை போதும்."

எனக்கோ மலையை விட மனசே இல்லை.

விஷுவுக்குச் சில நாள் முன்பு, உச்சி வெயில், எதிர்ப் பாறை இடுக்கில் வெள்ளைக் கழுகு ஒன்று கூட்டில் உட்கார்ந்திருந்தது. அந்த ஜாதி கந்தல், கம்பளி என்று கிடைத்ததையெல்லாம் கூட்டில் பரப்பும். தொலைநோக்கியில் பார்க்கிறேன், அதற்கு அடியில் சிவப்புக் கரை போட்ட ஒரு தோர்த்துத் துண்டு, மூலையில் பச்சை நூல் தையல். அப்பா தலையில் கட்டுகிற அதே தோர்த்து! வெள்ளை நூல் தீர்ந்துபோய் அம்மா பச்சையில் தைத்து, கிடங்கே கேலி பண்ணினது.

கூட இருந்த ராஜன் சேட்டனும் பார்த்தார். "பச்சைத் தையல் உண்டு. அதுக்கு? கொச்சியில ஒரு தோர்த்துதானா? வெயில் தலைக்கு ஏறிடுச்சு எடா, வெள்ளம் குடி."

தண்ணீரைக் குடித்துவிட்டுப் பார்த்தால் கழுகு அசையாமல் இருக்கிறது, தோர்த்து இல்லை. நம்பினால் நம்புங்கள், பொட்டுக் காற்று இல்லை. சேட்டன் சிரிப்பை நிறுத்திவிட்டார்.

அப்பாவுக்கு ஏதோ ஆகிவிட்டதென்று கிடைத்த பஸ்ஸில் ஏறி ஓடிவந்தால், மனுஷன் வீட்டு வாசலில் சாயா குடிக்கிறார், தோர்த்து தலையில்!

எல்லாவற்றையும் சொன்னேன். "இது என் தலையை விட்டு எங்கேடா போச்சு?" என்று அவிழ்த்துப் பார்த்தார். பச்சைத் தையலுக்கு அடியில், நகம் அளவுக்கு வெள்ளையாய் ஒரு இறகு.

அம்மா ஊசியால் நோண்டிப் பார்த்தாள். "தையலைப் பிரிக்காம வராது. நான் தைக்கும்போது இறகெல்லாம் இல்லையே!"

அப்பா அந்த இறகை விரலால் தடவிப் பார்த்தார். பிறகு தோர்த்தை என் தோளில் போட்டார். "நீயே மலைக்குக் கொண்டு போ. பாவம், இது தனியா அவ்வளவு தூரம் போய்வர வேண்டாம்."

கிடங்கு ஆபீஸ் பேச்சு அதோடு சரி. இப்போதும் மலையில் அதைத்தான் தலையில் கட்டுகிறேன். தையலை யாரும் பிரிக்கவில்லை. ஆனால் அன்றைக்கு நகம் அளவு இருந்த இறகு, இப்போது என் விரல் நீளம் இருக்கிறது.